கென் திருடிய மீன்: ஹிரோஷிமா நகரக் கல்வி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஹிரோஷிமா நகரக் கல்வி வாரியத்தாருக்கு,

வணக்கம். நான் தமிழ்நாட்டில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். போர்க்காலத்தையும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளையும் சொல்லும் மாங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைகளையும் அனிமே என்னும் அசைபடங்களையும் பல காலமாகத் தேடித் தேடிப் படித்தும் பார்த்தும் வருகிறேன். உங்கள் ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவற்றிலிருந்து வந்ததுதான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

உங்கள் நகரப் பள்ளிகளில் 2013 முதல் 'ஹிரோஷிமா அமைதிக் குறிப்பேடு' என்ற துணைப்பாட நூல் இருந்துவருகிறது. அதன் மூன்றாம் வகுப்புப் பகுதியில், அணுகுண்டுக்குத் தப்பிய நகாசாவா கெய்ஜி வரைந்த, கென் என்ற ஹிரோஷிமாச் சிறுவனின் கதையான 'வெறுங்கால் கென்' மாங்காவிலிருந்து சில பக்கங்கள் இருந்தன. 2023ஆம் ஆண்டுக்கான திருத்தத்தில் அவற்றை எடுத்துவிட்டீர்கள். நீங்கள் சொன்ன காரணங்களையும் படித்தேன். காசுக்காக கென் தெருவில் ரோக்யோகு என்ற கதைப்பாட்டுப் பாடுவது இன்றைய பிள்ளைகளின் வாழ்க்கைக்கு ஒட்டவில்லை. நோயுற்ற அம்மாவுக்காகக் கென் குளத்து மீனைத் திருடுவதைப் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்ளலாம். மாங்காவின் ஒரு சிறு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு அணுகுண்டின் உண்மையான கொடுமையை உணர்த்துவது கடினம். இவை மூன்றும்தான் அந்தக் காரணங்கள்.

கென் இருந்த இடத்தில் உண்மையில் உயிர்தப்பிய ஒருவரின் அனுபவத்தை வைத்திருக்கிறீர்கள். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அணுகுண்டுக்குத் தப்பியவர்களான ஹிபாகுஷாக்களின் குரல் எவ்வளவு கேட்டாலும் தகும். மாங்கா பள்ளி நூலகங்களில் தொடர்ந்து இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் அதைத் தடை செய்துவிட்டீர்கள் என்று குற்றம் சாட்ட நான் வரவில்லை. நான் கேட்க வந்தது அந்த மீனைப் பற்றித்தான்.

அந்தக் காட்சியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இன்னும் குண்டு விழவில்லை. போர் வேண்டாம் என்று வாய்திறந்து சொன்ன அப்பாவைத் தேசத்துரோகி என்று தெருவே ஒதுக்கிவைத்திருக்கிறது. அரிசி கிடைப்பதில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் அம்மா சத்தில்லாமல் படுத்துவிட்டாள். அவளுக்கு எதையாவது கொடுத்துத் தேற்றவேண்டும். பெரிய வீடு ஒன்றின் தோட்டக் குளத்தில் கெண்டை மீன்கள் நீந்துகின்றன. பையன் தண்ணீருக்குள் இறங்குகிறான்.

இந்தக் கதையை என் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகள். திருடலாமா என்ற கேள்வி வரும் என்று நானும் எதிர்பார்த்துத்தான் நின்றேன். வந்த கேள்வி வேறு. "டீச்சர், ஊரே பட்டினி கிடக்கும்போது அவங்க வீட்டுக் குளத்துல மட்டும் எப்படி மீன் மிச்சம் இருந்துச்சு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல ஒரு பாடவேளை போதவில்லை. ரேஷன் என்றால் என்ன, யாருக்கு எவ்வளவு கிடைத்தது, அழகுக்காக மீன் வளர்க்க யாரால் முடிந்தது, போர்க்காலத்திலும் சில வீடுகளில் மட்டும் பசி ஏன் நுழையவில்லை என்றெல்லாம் பேச வேண்டியிருந்தது. இதைவிட நல்ல கேள்வியை எந்தப் பாடநூலும் எனக்குக் கொடுத்ததில்லை. திருடுவது தப்பு என்று அந்தப் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். தப்பு என்று தெரிந்தும் ஒரு நல்ல பையன் அதைச் செய்யும்படி ஆக்கியது எது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாதது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே அமைதிக் கல்வி?

போர்க்கால வாழ்க்கையை நேர்மையாகச் சொன்ன உங்கள் நாட்டுப் படைப்புகளில் திருட்டு இல்லாதது அபூர்வம். நோசாகா அகியுகியின் 1967ஆம் ஆண்டுக் கதையை வைத்துத் தகஹாத்தா இசாவோ 1988இல் எடுத்த 'மின்மினிகளின் கல்லறை'யில், தங்கைக்குச் சோறு போட வழியில்லாத செய்தா பிறர் தோட்டத்தில் காய்கறி திருடுகிறான். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி மக்கள் ஓடியபின் காலியான வீடுகளுக்குள் நுழைந்து எடுக்கிறான். ஒருநாள் தோட்டக்காரர் கையில் சிக்கி, அடிபட்டு, காவல் நிலையம் வரை இழுத்துச் செல்லப்படுகிறான். அங்கே இருக்கும் காவலர் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறார். அண்ணனைத் தேடி வந்த சின்னவள் வெளியே நிற்கிறாள். அந்தக் காவலரின் ஒரு குவளைத் தண்ணீரில் எத்தனை பாடம் இருக்கிறது! சட்டப் புத்தகம் ஒன்று சொல்கிறது, எதிரே நிற்கும் பிள்ளையின் முகம் வேறொன்று சொல்கிறது. தகஹாத்தா ஒன்பது வயதில் ஒகாயாமா குண்டுவீச்சில் உயிர்தப்பியவர். பசித்த பிள்ளையை அப்பழுக்கற்றவனாகக் காட்ட அவர் முயலவேயில்லை.

உங்கள் ஊரிலேயே பிறந்த கோனோ ஃபுமியோ எவ்வளவு மென்மையாக வரைபவர்! அவருடைய மாங்காவிலிருந்து கதாபூச்சி சுனாவோ 2016இல் எடுத்த 'இந்த உலகின் ஒரு மூலையில்' படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கூரே துறைமுகத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன சுசு, ரேஷன் சுருங்கச் சுருங்க வேலியோரத்துக் களைச்செடிகளைப் பறித்துவந்து சமைக்கிறாள். அரிசியை வறுத்து, இரவெல்லாம் ஊறவைத்து, அளவில் பெருகும்படி சோறாக்குகிறாள். பானை நிறையப் பொங்கிவருகிறது. வீட்டார் ஆவலோடு ஒரு வாய் வைத்ததும் எல்லார் முகமும் கோணிப்போகிறது. எறும்புக்குப் பயந்து சர்க்கரைக் கிண்ணத்தைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுகிறாள், அது முழுகிப்போகிறது. மாமியார் சேர்த்துவைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்து அவளைக் கறுப்புச் சந்தைக்கு அனுப்புகிறார். அதுவும் சட்டப்படி குற்றம்தான். அந்தக் குடும்பத்தைக் குற்றவாளிக் குடும்பம் என்று யாராவது சொல்வார்களா? போர் முடிந்தபின் அமெரிக்கப் படையின் எச்சில் உணவைக் கொட்டிக் காய்ச்சிய கஞ்சியைச் சுசுவும் நாத்தனாரும் வாங்கிக் குடிக்கிறார்கள். அதில் சிகரெட் உறைக் காகிதம்கூட மிதக்கிறது. ஆனாலும் ருசிக்கிறது. நேற்றுவரை தங்கள் தலையில் குண்டு போட்டவர்களின் எச்சில் அது என்பது பசித்த நாக்குக்குத் தெரியவில்லை.

கதைகளை விடுங்கள். யாமாகுச்சி யோஷிதாதாவை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கும் தமிழர்கள் பலர் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். போருக்குப் பின் டோக்கியோவில் கறுப்புச் சந்தை வழக்குகளை விசாரித்த நீதிபதி அவர். கள்ளச் சந்தையில் அரிசி வாங்கியவர்களுக்குத் தண்டனை எழுதும் தாமே அந்த அரிசியை உண்பது முறையல்ல என்று நினைத்தார். ரேஷனில் வருவதை மட்டும் உண்பது என்று முடிவுசெய்தார். அதிலும் பெரும்பங்கைத் தம் குழந்தைகளுக்கே கொடுத்தார். 1947 அக்டோபரில் சத்துக்குறைவால் உடல் நலிந்து இறந்துபோனார். வயது 33. சட்டத்தை எழுத்துப் பிசகாமல் மதித்த மனிதர் உயிரோடு இருக்க முடியாத நாடாக அன்றைய ஜப்பான் இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஓர் ஆறு வயதுப் பையன் அம்மாவுக்காகப் பிடித்த மீனைத்தான் நாம் இன்று அளந்துகொண்டிருக்கிறோம்.

கென்னின் மீன் சிறிய திருட்டு. குண்டு விழுந்தபின் வருபவை பெரியவை. எரியும் வீட்டுக்கடியில் அப்பா, அக்கா, தம்பி மூவரும் சிக்கிக்கொள்கிறார்கள். கென்னாலும் அம்மாவாலும் உத்தரத்தைத் தூக்க முடியவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு ஓடிவிடு என்கிறார் அப்பா. அன்றைக்கே அம்மாவுக்குப் பிரசவமாகிறது. இறந்த தம்பியின் சாயலில் ரியூத்தா என்றொரு அனாதைச் சிறுவன் பின்னால் கென்னிடம் வந்து சேர்கிறான். அவனும் அவன் கூட்டாளிகளும் திருடித்தான் பிழைக்கிறார்கள், பிறகு ரவுடிக் கும்பல்கள் அவர்களைத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. இதை நகாசாவா மிகைப்படுத்தவில்லை. 1948இல் உங்கள் அரசே எடுத்த கணக்கில் பெற்றோரை இழந்த குழந்தைகள் 1,23,000க்கும் மேல். அந்தக் கணக்கில் ஒகினாவா சேரவில்லை. ரயில் நிலையங்களில் படுத்துறங்கிய அந்தப் பிள்ளைகள் எதைத் தின்று வளர்ந்தார்கள்? மீன் திருடிய பக்கத்தைக் கிழித்துவிட்டால் அவர்கள் அனைவருக்கும் வரலாற்றில் இடமில்லாமல் போகிறது.

இன்னொன்றும் உண்டு. மூன்றாம் வகுப்புக்கு இது பொருந்தாது என்கிறீர்கள். 1944இல் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கிராமத்துக் கோயில்களுக்கும் விடுதிகளுக்கும் அனுப்ப அரசு முடிவெடுத்தபோது, எந்த வகுப்பிலிருந்து தொடங்கினார்கள்? மூன்றாம் வகுப்பிலிருந்து. ஹிரோஷிமாவிலிருந்து அப்படிப் போன பிள்ளைகளில் எத்தனையோ பேர், 1945 ஆகஸ்டுக்குப் பின் தங்களைக் கூட்டிச்செல்ல ஒருவரும் வராமல் வாசலையே பார்த்திருந்தார்கள். அந்த வயதில் அனுபவிக்க நேர்ந்ததை அதே வயதில் படிக்கக்கூடாதா? எரிந்த உடல்களின் படங்களை அவர்கள் முன் விரியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் எந்த ஆசிரியருக்கும் தயக்கம் இருக்கும், எனக்கும் உண்டு. ஆனால் மீன் காட்சியில் ரத்தமில்லை, பிணமில்லை. பசியும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறார்கள். இரண்டையும் எந்த நாட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ரோக்யோகு புரியாது என்ற காரணத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஷாமிசென் என்ற தந்தி வாத்தியத்தின் இசையோடு கதை சொல்லிப் பாடும் கலை அது. எங்கள் வில்லுப்பாட்டு மாதிரி என்று நான் சொன்னதும் என் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது. உங்கள் பிள்ளைகளுக்கோ அது சொந்த மண்ணின் கலை. பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்று பாடத்தில் வருவதால்தான் வகுப்பறை என்ற ஒன்றும் ஆசிரியர் என்ற ஒருவரும் தேவைப்படுகிறார்கள். அணுகுண்டும்தான் இன்றைய பிள்ளைகளின் வாழ்க்கைக்கு ஒட்டாதது. அது என்றைக்கும் ஒட்டாமலே இருக்கவேண்டும் என்பதற்குத்தான் நீங்கள் அந்தக் குறிப்பேட்டையே எழுதினீர்கள்.

மூன்றாவது காரணத்தில் நியாயம் இருக்கிறது. பத்துத் தொகுதி மாங்காவில் நான்கைந்து பக்கத்தைக் கத்தரித்து ஒட்டினால் நகாசாவா சொன்னது முழுதாக வந்து சேராது. 1973இல் சிறுவர் வார இதழான 'ஷோனென் ஜம்ப்'பில் தொடங்கி, இதழ் மாறி இதழ் போய், 1987இல்தான் முடிந்த நெடுங்கதை அது. ஆனால் இதற்குத் தீர்வு கூடுதல் பக்கங்கள் கொடுப்பதுதான். உடலெங்கும் தீக்காயத்தோடு, சொந்த வீட்டாரே அருவருத்து ஒரு மூலையில் கிடத்திவிட்ட ஓவியர் செய்ஜியைக் கவனிக்கும் கூலிவேலைக்குக் கென் போகிறானே, அந்த அத்தியாயத்தை வைக்கலாம். சீழும் புழுவுமாகக் கிடப்பவரிடம் மற்றவர்கள் நெருங்குவதில்லை. கென் அவரோடு சண்டை போடுகிறான், கத்துகிறான், கடைசியில் அவரை மறுபடி வரையவே வைத்துவிடுகிறான். கை வராததால் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு வரைகிறார் செய்ஜி. குண்டு என்ன செய்தது, அதற்குப் பின் சக மனிதர்கள் என்ன செய்தார்கள், ஒரு சிறுவன் என்ன செய்தான் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. கொரியரான பாக் பற்றிய பக்கங்களையும் நான் சேர்ப்பேன். அவர் காயம்பட்ட தம் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறார், கொரியர்களுக்கு இங்கே மருத்துவம் கிடையாது என்று திருப்பி அனுப்பப்படுகிறார். குண்டு ஆள் பார்த்து விழவில்லை, மருந்து மட்டும் ஆள் பார்த்துக் கொடுக்கப்பட்டது. தம் சொந்த ஊரைப் பற்றி இதை எழுத எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்!

அந்த உறுதி நகாசாவாவுக்கு எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் ஊர்க்காரர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 1.2 கிலோமீட்டரில் இருந்த பள்ளியின் வாசலில் நின்ற ஆறு வயதுப் பையன். மதிற்சுவர் மறைத்ததால் பிழைத்தான். எதிரே நின்று பேசிக்கொண்டிருந்த பெண்மணி பிழைக்கவில்லை. அப்பாவையும் அக்காவையும் தம்பியையும் தீயில் பறிகொடுத்தான். அன்று பிறந்த தங்கையும் சில மாதங்களில் போய்விட்டாள். வளர்ந்து டோக்கியோ போனபோது, அணுகுண்டுக்குத் தப்பியவன் என்றாலே முகம் சுளிப்பதைப் பார்த்து அதைப்பற்றிப் பேசாமலே இருந்தார். 1966இல் அம்மா இறந்தார். தகனம் முடிந்து எலும்பு பொறுக்கப் போனால் பொறுக்குவதற்கு எலும்பே இல்லை, வெள்ளைத் துணுக்குகள்தான் கிடந்தன. கதிர்வீச்சு அம்மாவின் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்ற ஆத்திரத்தில்தான் அணுகுண்டைப் பற்றி வரைய உட்கார்ந்தார். குண்டு விழுந்து ஒரு மாதம் ஆகுமுன்பே தொடங்கிய அமெரிக்க ஆக்கிரமிப்பு 1952வரை நீடித்தது, குண்டைப் பற்றி எழுதுவதைத் தணிக்கை அடக்கிவைத்திருந்தது. அதன்பின் வெட்கமும் ஒதுக்கலும் வாயை அடைத்தன. இவ்வளவையும் தாண்டி வெளியே வந்த ஒரு குரல் அது. இருபதுக்கு மேற்பட்ட மொழிகளில் போய்ச் சேர்ந்த குரல்.

உங்கள் பக்கத்து மாவட்டமான ஷிமானேயில், மத்ஸுவே நகரக் கல்வி அதிகாரிகள் 2012 டிசம்பரில் இதே மாங்காவைப் பள்ளி நூலகங்களின் திறந்த அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார்கள். நகாசாவா நுரையீரல் புற்றுநோயால் இறந்ததும் அதே மாதம்தான். அவர்கள் சொன்ன காரணம் வேறு: ஜப்பானியப் படைகள் ஆசிய நாடுகளில் செய்த கொடுமைகளை அவர் வரைந்த விதம். 2013 ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்து, நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்து, அந்த மாதமே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். உங்கள் முடிவை அதோடு ஒன்றாக வைக்க நான் விரும்பவில்லை. உங்கள் குழுவில் பேராசிரியர்களும் தலைமையாசிரியர்களும் இருந்தார்கள், யோசித்துத்தான் செய்திருப்பீர்கள். ஆனால் வெளியூர்க்காரர்கள் கண்ணுக்கு, ஹிரோஷிமாவே கென்னைக் கைவிட்டுவிட்டது என்றுதான் தெரிகிறது. கொடுமை அதிகம் என்று ஓரிடத்தில், திருட்டு இருக்கிறது என்று இன்னோரிடத்தில் என ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே போனால், போரில் குற்றமே செய்யாத, பசியே அறியாத, பாவமான மனிதர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக ஒரு பிள்ளை அழலாம். அவர்களில் ஒருவராகத் தன்னை நினைத்துப்பார்க்க அந்தப் பிள்ளையால் முடியாது.

ஹிபாகுஷாக்களின் சராசரி வயது இப்போது 85ஐத் தாண்டிவிட்டது. பள்ளிக்கு வந்து பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து பேச இன்னும் எத்தனை ஆண்டுகள் அவர்களால் முடியும்? அவர்களுடைய அமைப்பான நிஹோன் ஹிதான்க்யோவுக்கு 2024இல் அமைதிக்கான நோபெல் பரிசு கிடைத்தபோது உலகமே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் நேரில் சொல்ல ஆளில்லாத நாள் வந்தே தீரும். அன்று நேரில் கண்டவர் கையால் வரைந்த படங்கள் இருக்கும். உங்களிடம் அப்படிப்பட்டவை பத்துத் தொகுதிகள் இருக்கின்றன.

என் வேண்டுகோள் இதுதான். குறிப்பேட்டை அடுத்தமுறை திருத்தும்போது 'வெறுங்கால் கென்'னை மறுபடி சேருங்கள். புதிதாக வைத்திருக்கும் அனுபவப் பகுதியை எடுக்காதீர்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். மூன்றாம் வகுப்புக்குக் கூடாது என்று இன்னமும் தோன்றினால் ஐந்தாம், ஆறாம் வகுப்பில் வையுங்கள். ஆனால் மீன் காட்சியைத் தவிர்க்காமல், முன்னும் பின்னும் போதுமான பக்கங்களோடு வையுங்கள். பின்னணியைச் சொல்ல ஆசிரியர்களுக்குக் கையேடும் கூடுதல் பாடவேளையும் கொடுங்கள். நேரம் போதவில்லை என்ற அவர்களின் சிரமம் உண்மையானது, அது எல்லா ஊர் ஆசிரியர்களுக்கும் உள்ளது.

முடிவெடுப்பதற்கு முன் இன்னொன்றும் செய்யுங்கள். 2013 முதல் பத்தாண்டுகள் அந்தப் பக்கங்களை வைத்து உங்கள் ஆசிரியர்கள் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் பேசுங்கள். முதன்முதலில் அதைப் படித்த பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயது வந்திருக்கும், அவர்களையும் அழையுங்கள். அந்த மீனைப் பற்றி அன்று அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேளுங்கள். திருடலாம் என்று எடுத்துக்கொண்டவர் யாராவது இருந்தால் அவர் சொல்வதையும் முழுக்கக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திருத்தக் குழுவின் மேசையில் முதலில் இருக்கவேண்டியவை அந்தக் குறிப்புகள்தான்.

அன்புடனும் மரியாதையுடனும்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு மூன்றாம் வகுப்பு ஆசிரியை